கேன் டிபி கான்ஃபிகரேஷன்: எந்த எண் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

ஒரே ஃபிரேமில் அடங்கும் டயக்னாஸ்டிக் சேவைகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். 7 பைட்டைத் தாண்டும் முதல் பதில் வந்ததும் ஈசியூ (வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) பாதியில் நின்றுவிடும். கேன் டிரான்ஸ்போர்ட் லேயரை (கேன் டிபி: ஒரு கேன் ஃபிரேமில் அடங்காத செய்தியைத் துண்டாக்கி அனுப்பும் அடுக்கு) புதிதாகக் கான்ஃபிகர் செய்யும் புராஜெக்டுகளில் பெரும்பாலும் முதலில் வரும் புகார் இதுதான். வண்டியின் அடையாள எண்ணைக் கேட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். டெஸ்டருக்கும் (கேள்வி கேட்கும் சோதனைக் கருவி) ஈசியூவுக்கும் நடுவே கேன் பஸ்ஸில் ஓட வேண்டியது இது (எண்கள் எல்லாம் ஹெக்ஸ்):

டெஸ்டர், ஐடி 7இ0: 02 09 02 00 00 00 00 00
ஈசியூ, ஐடி 7இ8: 10 14 49 02 01, பிறகு அடையாள எண்ணின் முதல் 3 எழுத்து
டெஸ்டர், ஐடி 7இ0: 30 00 00 00 00 00 00 00
ஈசியூ, ஐடி 7இ8: 21, பிறகு 7 எழுத்து
ஈசியூ, ஐடி 7இ8: 22, பிறகு 7 எழுத்து

ஹெக்ஸ் 14 என்றால் 20 பைட். தலைப்பு 3, அடையாள எண் 17. ஃபர்ஸ்ட் ஃபிரேமில் 6, அடுத்த இரண்டில் ஏழேழு. கணக்கு சரியாக முடிகிறது. முதல் பைட்டின் மேல் பாதிதான் ஃபிரேமின் வகை: 0 சிங்கிள், 1 ஃபர்ஸ்ட், 2 கான்சிக்யூட்டிவ், 3 ஃப்ளோ கன்ட்ரோல். ஐஎஸ்ஓ 15765-2 தரநிலையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். தொல்லை எல்லாம் அந்த மூன்றாவது வரியைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஃப்ளோ கன்ட்ரோலின் முதல் பைட் 30 என்றால் ‘தொடர்ந்து அனுப்பு’, 31 என்றால் ‘பொறு’, 32 என்றால் ‘என் பஃபரில் இடமில்லை, விட்டுவிடு’. இரண்டாவது பைட் பிளாக் சைஸ்: எத்தனை ஃபிரேமுக்குப் பிறகு மறுபடி அனுமதி கேட்க வேண்டும் என்பது. 0 என்றால் கேட்கவே வேண்டாம். மூன்றாவது எஸ்டிமின்: இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி. 00 முதல் 7எஃப் வரை மில்லி விநாடி; எஃப்1 முதல் எஃப்9 வரை 100 முதல் 900 மைக்ரோ விநாடி. மீதி மதிப்புகள் ஒதுக்கி வைக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று வந்தால் அனுப்புபவர் 127 மில்லி விநாடி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் எழுதுவது பெறுபவர். அவற்றுக்குக் கட்டுப்படுவது அனுப்புபவர். கான்ஃபிகரேஷன் டூலில் ஈசியூவின் எஸ்டிமின்னை 10-இலிருந்து 0 ஆக்கிவிட்டு, பதில் ஏன் இன்னும் மெதுவாக வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அந்த எண் ஈசியூ பெறும் தரவின் வேகத்தை மட்டுமே மாற்றும். ஈசியூ அனுப்பும் பதிலின் வேகத்தை டெஸ்டர் அனுப்பும் ஃப்ளோ கன்ட்ரோல் முடிவு செய்கிறது. கான்ஃபிகரேஷனைத் திறக்கும் முன் ஒவ்வொரு அளபுருவுக்கும் எதிரே ‘இது யாரைக் கட்டுப்படுத்துகிறது’ என்று எழுதி வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். பாதி குழப்பம் அங்கேயே தீரும்.

இன்னொன்றையும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்த புரோட்டோகாலில் மறு அனுப்புதல் கிடையாது. நீண்ட செய்தியின் நூற்றுக்கணக்கான ஃபிரேமில் ஒன்று தொலைந்தாலும் வரிசை எண் பிசகி முழுச் செய்தியும் கைவிடப்படும். மேலே இருக்கும் டயக்னாஸ்டிக் லேயர்தான் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். ஆகவே ‘எப்போதாவது ஒன்று விழும், பரவாயில்லை’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஃப்ளோ கன்ட்ரோல் எங்கே போய்ச் சேருகிறது

முதல் புகாருக்கு வருவோம். டெஸ்டர் 30 00 00 அனுப்பியது ட்ரேஸில் தெரிகிறது, ஈசியூ பேசவில்லை. ஆட்டோசார் (வாகன மென்பொருளுக்கான பொதுத் தரம்) ஸ்டாக்கில் இதற்கு வழக்கமான காரணம் பிடியூ (லேயர்களுக்கு நடுவே கைமாறும் தரவுப் பொட்டலம்) இணைப்பு. டெஸ்டரின் கோரிக்கையும் ஃப்ளோ கன்ட்ரோலும் ஒரே ஐடியில், 7இ0-இல், வருகின்றன. கேன்டிபி-க்குக் கீழே இருக்கும் கேன்இஃப் லேயருக்கு அது ஒரே பிடியூ. கேன்டிபி-க்குள் மட்டும் அது இரண்டு இடங்களில் இருந்தாக வேண்டும்: பெறும் கனெக்ஷனில் தரவுக்கான என்-பிடியூவாக (கேன்டிபி மட்டத்துப் பிடியூ) ஒன்று, அனுப்பும் கனெக்ஷனில் ஃப்ளோ கன்ட்ரோலுக்கான என்-பிடியூவாக இன்னொன்று. இரண்டும் ஈசியூசி-யில் (பிடியூக்களின் பொதுப் பட்டியல் இருக்கும் இடம்) உள்ள ஒரே குளோபல் பிடியூவைச் சுட்ட வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டாலோ அதற்கென்று தனி பிடியூ உருவாக்கிவிட்டாலோ, வந்த ஃப்ளோ கன்ட்ரோல் பெறும் கனெக்ஷனிடம் போய், அங்கே யாரும் எதிர்பார்க்காததால் சத்தமின்றிக் குப்பைக்குப் போகும். எதிர்த்திசையிலும் இதே கதை. 7இ8 பதிலுக்கும் ஈசியூவே அனுப்பும் ஃப்ளோ கன்ட்ரோலுக்கும் பொது. அதன் அனுப்புதல் உறுதி (‘ஃபிரேம் போய்விட்டது’ என்ற செய்தி) எந்த பிடியூ ஐடியில் திரும்பி வருகிறது என்பதையும் ஜெனரேட் ஆன ஃபைலைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இணைப்பு சரியாக இருந்தும் சில சமயம் மட்டும் நிற்கிறது என்றால், அது நேரப் போட்டி. ஈசியூ ஃபர்ஸ்ட் ஃபிரேமை அனுப்புகிறது. வேகமான டெஸ்டர் அரை மில்லி விநாடிக்குள் ஃப்ளோ கன்ட்ரோல் அனுப்பிவிடுகிறது. ஈசியூவில் பெறுதல் இன்டரப்ட்டுக்கு முன்னுரிமை அதிகம், அல்லது அனுப்புதல் உறுதி போலிங்கில் 5 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் படிக்கப்படுகிறது. ‘ஃபர்ஸ்ட் ஃபிரேம் போய்விட்டது’ என்ற செய்தி வருமுன்பே ஃப்ளோ கன்ட்ரோல் வந்துவிட்டதால், ஸ்டேட் மெஷின் அதை எதிர்பாராத ஃபிரேம் என்று தள்ளிவிடுகிறது. பிறகு ஒரு விநாடி காத்திருந்து டைம்அவுட். ஸ்டாக்கை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால், ஃப்ளோ கன்ட்ரோல் வந்ததே ஃபர்ஸ்ட் ஃபிரேம் போனதற்குச் சான்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ஸ்டாக் என்றால் ஒரே டாஸ்க்கில் அனுப்புதல் உறுதியைப் படிக்கும் ஃபங்ஷனை முதலிலும் பெறுதலைப் படிக்கும் ஃபங்ஷனை அதன் பிறகும் அழையுங்கள்.

எஸ்டிமின் 0 என்று போட்டால் உண்மையில் 0 கிடைக்குமா

எஸ்டிமின் ஒரு மில்லி விநாடி கூடினால் என்ன ஆகும்? 1 மெகாபைட் மென்பொருளை ஈசியூவில் ஃபிளாஷ் செய்ய (எழுத) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிளாசிக் கேனில் ஃபிரேமுக்கு 7 பைட், ஏறத்தாழ 1,49,800 ஃபிரேம்கள். எஸ்டிமின்னில் கூடும் ஒவ்வொரு மில்லி விநாடியும் 150 விநாடியை, அதாவது இரண்டரை நிமிடத்தை, கூட்டுகிறது. 10 மில்லி விநாடி என்றால் 25 நிமிடம். 500 கிலோபிட் பஸ்ஸில் 8 பைட் ஃபிரேம் ஒன்றுக்கு, பிட் ஸ்டஃபிங்கைப் (ஒரே பிட் ஐந்து முறை தொடர்ந்தால் செருகப்படும் எதிர் பிட்) பொறுத்து, 220 முதல் 270 மைக்ரோ விநாடி ஆகும். இடைவெளியே இல்லாமல் அனுப்பினால் அதே 1 மெகாபைட் 40 விநாடிக்குள் முடியும். தொழிற்சாலை லைனில் இந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் எஸ்டிமின் 0 என்று டெஸ்டர் சொன்னாலும், அனுப்பும் ஈசியூவின் கேன்டிபி மெயின் ஃபங்ஷன் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓடி, ஓட்டத்துக்கு ஒரு ஃபிரேம் என்று அனுப்பினால், கிடைப்பது 10 மில்லி விநாடிதான். 4095 பைட் பதிலுக்கு 585 கான்சிக்யூட்டிவ் ஃபிரேம், 5.85 விநாடி. ஒவ்வொரு ஃபிரேமின் அனுப்புதல் உறுதியிலிருந்தே அடுத்ததை அனுப்பும் வசதி ஸ்டாக்கில் இருந்தால், அதே பதில் 0.15 விநாடியை ஒட்டி முடிந்துவிடும். மெயின் ஃபங்ஷன் காலத்தைக் கான்ஃபிகரேஷனில் எழுதுவது ஒரு வேலை, ஓஎஸ்ஸில் அந்த டாஸ்க்கை அதே காலத்தில் ஓட விடுவது இன்னொரு வேலை. கான்ஃபிகரேஷனில் 5, ஓஎஸ்ஸில் 10 என்று இருந்தால் எல்லா டைமரும் இரட்டிப்பாகும். ஆட்டோசாரில் இந்த நேரங்கள் விநாடியில் எழுதப்படுகின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும்: 5 மில்லி விநாடிக்கு 0.005.

டிக் (மெயின் ஃபங்ஷனின் ஒரு ஓட்டம்) கணக்கில் இன்னொரு பொறி. எஸ்டிமின் 10, மெயின் ஃபங்ஷனும் 10 என்றால் ‘ஒரு டிக் பொறு’ என்று எழுதத் தோன்றும். ஃபிரேம் டிக்குக்குச் சற்று முன்பு போயிருந்தால் அடுத்த டிக் 1 மில்லி விநாடியிலேயே வந்துவிடும், இடைவெளி மீறப்படும். ஒரு டிக் கூட்டித்தான் எண்ண வேண்டும். அதனால் சராசரி இடைவெளி 10-க்கு மேல் போகும். குறைந்த எஸ்டிமின் வேண்டும் என்றால் மெயின் ஃபங்ஷனை 1 மில்லி விநாடிக்குக் கொண்டுவருவதே நேர்மையான வழி.

இனி பெறும் பக்கம். பொறுப்பு அதிகம் இருப்பது இங்கேதான். எஸ்டிமின் 0 என்று அறிவிப்பது ‘இடைவிடாமல் வந்தாலும் வாங்கிக்கொள்வேன்’ என்ற வாக்குறுதி. அதைக் காப்பாற்ற முடியுமா என்பதை ஹார்டுவேரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தின் பிஎக்ஸ்கேன் என்ற கேன் கன்ட்ரோலரில் பெறும் ஃபிஃபோ (வந்த ஃபிரேம்கள் காத்திருக்கும் வரிசை) ஒவ்வொன்றும் மூன்றே ஆழம். 230 மைக்ரோ விநாடிக்கு ஒரு ஃபிரேம் என்றால் முக்கால் மில்லி விநாடிக்குள் இன்டரப்ட் ஓடியாக வேண்டும். ஃபிளாஷ் எழுதும்போது சில மில்லி விநாடிகள் இன்டரப்ட்டை நிறுத்தி வைக்கும் பூட்லோடரில் (புதிய மென்பொருளை எழுதும் நிரல்) இது நடக்காது. போலிங் 5 மில்லி விநாடி என்றால், அந்த நேரத்தில் 3 ஃபிரேமுக்கு மேல் வராதபடி எஸ்டிமின்னை வைக்க வேண்டும். கணக்குப்படி 2 போதும். போலிங் சற்றுத் தள்ளிப்போகும் என்பதால் 3 வைப்பது பாதுகாப்பு. டயக்னாஸ்டிக் ஐடிக்கு ஒரு ஃபிஃபோவையும் ஃபில்டரையும் தனியாக ஒதுக்குங்கள். மற்ற செய்திகள் அதே ஃபிஃபோவில் கலந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது.

பிளாக் சைஸை 8 என்று வைத்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அந்த எட்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடி வரும். மூன்றாழ ஃபிஃபோ நாலாவதிலேயே நிரம்பி வழியும். பிளாக் சைஸால் காக்க வேண்டும் என்றால் அது ஹார்டுவேர் ஆழத்துக்குள் இருக்க வேண்டும். மேல் லேயரின் பஃபர் காலியாக நேரம் தேவைப்படும்போதுதான் பெரிய பிளாக் சைஸுக்குப் பொருள் உண்டு. அதற்கும் விலை உண்டு: 8 என்றால் 56 பைட்டுக்கு ஒரு ஃப்ளோ கன்ட்ரோல், 1 மெகாபைட்டுக்கு 18,700-ஐத் தாண்டும். டெஸ்டர் யூஎஸ்பி அடாப்டர் வழியாகப் பேசி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் 5 மில்லி விநாடி தின்றால், ஒன்றரை நிமிடம் அதிலேயே போய்விடும். இன்டரப்ட் முறை, போதிய பஃபர், அளந்து பார்த்த எஸ்டிமின் ஆகிய மூன்றும் இருந்தால் பிளாக் சைஸ் 0 வைப்பதையே நான் விரும்புவேன்.

வரிசை மாறும் ஃபிரேம்கள்

வேகத்துக்காக மூன்று அனுப்பும் மெயில்பாக்ஸ்களையும் (அனுப்ப வேண்டிய ஃபிரேம் காத்திருக்கும் ஹார்டுவேர் இடம்) ஒரே நேரத்தில் நிரப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிஎக்ஸ்கேனில் இயல்புநிலையில் ஐடி முன்னுரிமைப்படிதான் அனுப்புதல் நடக்கும். ஐடி ஒன்றாக இருந்தால் சிறிய எண் கொண்ட மெயில்பாக்ஸ் முந்தும். மெயில்பாக்ஸ் 1-இலும் 2-இலும் வரிசை எண் 5, 6 காத்திருக்கும்போது, காலியான 0-இல் 7-ஐப் போட்டால் 7 முதலில் போகும். பெறுபவர் வரிசை எண் தவறு என்று அறுத்துவிடுவார். பஸ் காலியாக இருக்கும் மேசைச் சோதனையில் இது வெளியே வராது. வண்டியில் பஸ் நெரிசலில்தான் வரும். டிஎக்ஸ்எஃப்பி பிட்டை 1 ஆக்கினால் கேட்ட வரிசையிலேயே போகும். அல்லது கேன்டிபி-க்கு ஒரே மெயில்பாக்ஸை ஒதுக்கிவிடலாம். எம்கேன் கன்ட்ரோலரிலும் இதே கவனம் தேவை: அனுப்புதலுக்கு ஃபிஃபோ முறையைத் தேர்ந்தெடுங்கள், கியூ முறையை அல்ல.

டைமர்களில் நீண்ட விளக்கம் தேவைப்படுவது இரண்டுக்குத்தான். என்-பிஎஸ் என்பது அனுப்புபவர் ஃப்ளோ கன்ட்ரோலுக்காகக் காத்திருக்கும் நேரம்; என்-சிஆர் என்பது பெறுபவர் அடுத்த கான்சிக்யூட்டிவ் ஃபிரேமுக்காகக் காத்திருக்கும் நேரம். இரண்டுக்கும் ஐஎஸ்ஓ 15765-2-இல் 1000 மில்லி விநாடி. ஓபிடி-க்கான (உமிழ்வு சார்ந்த வண்டி டயக்னாஸ்டிக்) ஐஎஸ்ஓ 15765-4 இதை முறையே 75, 150 மில்லி விநாடி என்று இறுக்குகிறது. எதிரில் இருப்பவரின் டைம்அவுட்டில் 90 சதவீதத்துக்குள் நம் வேலை முடிய வேண்டும் என்பது தரநிலையின் விதி: ஃப்ளோ கன்ட்ரோலைத் தயார் செய்யும் நேரமும் அதை அனுப்பும் நேரமும் சேர்ந்து என்-பிஎஸ்ஸின் 0.9-க்குள். 10 மில்லி விநாடி மெயின் ஃபங்ஷன் ஓபிடி-யில் தடுமாறுவது இதனால்தான். நடுவே கேட்வே இருந்தால் அதன் தாமதமும் இந்தக் கணக்கில் சேரும்.

‘பொறு’ என்ற 31-ஐப் பயன்படுத்துவதாக இருந்தால் என்-பிஆர் காலமும் (ஃப்ளோ கன்ட்ரோல் அனுப்பும் முன் பெறுபவர் எடுக்கும் நேரம்) ‘பொறு’-வின் அதிகபட்ச எண்ணிக்கையும் சேர்த்துப் பாருங்கள். 200 மில்லி விநாடிக்கு ஒன்று, மொத்தம் 8 என்றால் 1.6 விநாடி வரை அனுப்புபவரைப் பிடித்து வைக்கலாம். எல்லா டெஸ்டரும் 31-ஐ ஒழுங்காகக் கையாளுவதில்லை. பஃபரை முதலிலேயே தயாராக வைத்திருப்பது மேல்.

பஃபர் அளவில் அடிக்கடி நடக்கும் பிழை இரண்டு பைட் பிழை. டவுன்லோட் கேட்கும் 34 சேவைக்கு பூட்லோடர் 74 20 04 02 என்று விடை சொன்னால் ஒரு பிளாக்கின் மொத்த நீளம் 1026 பைட்: சேவை எண் ஒன்று, பிளாக் எண்ணி ஒன்று, தரவு 1024. டிசிஎம் (டயக்னாஸ்டிக் லேயர்) பஃபரை 1024 என்று ஒதுக்கிவிட்டால், தரவை அனுப்பும் 36 சேவையின் முதல் ஃபிரேமுக்கே 32 என்று பதில் போகும். ட்ரேஸில் 32 பார்த்தால் நேரே பஃபர் அளவுக்குப் போங்கள். ஃப்ளோ கன்ட்ரோலே வரவில்லை என்றால் மேல் லேயர் பெறுதலை மறுத்திருக்கலாம்: ஸ்டார்ட் ஆஃப் ரிசெப்ஷன் அழைப்புக்கு ‘ஓவர்ஃப்ளோ’ என்று பதில் வந்தால் கேன்டிபி 32 அனுப்பும், ‘நாட் ஓகே’ என்று வந்தால் எதையும் அனுப்பாமல் கைவிடும்.

ஃபிளாஷிங் தொடங்கி இரண்டு விநாடிக்கு ஒருமுறை அறுந்தால் ஃபங்ஷனல் ஐடியை (எல்லா ஈசியூவுக்கும் பொதுவான ஐடி) பாருங்கள். செஷன் காலாவதியாகாமல் இருக்க டெஸ்டர் 7டிஎஃப் ஐடியில் ‘நான் இருக்கிறேன்’ என்ற 3இ 80 அனுப்பிக்கொண்டே இருக்கும். இடைவெளி பெரும்பாலும் 2 விநாடி. பெறும் வழியில் ஒரு பெரிய செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது அதே முகவரியில் புதிய சிங்கிள் ஃபிரேம் வந்தால் பழையதைக் கைவிட்டுப் புதியதை எடுக்க வேண்டும் என்பது தரநிலை. 7டிஎஃப் வேறு முகவரி என்பதால் இந்த விதி அதற்குப் பொருந்தாது. ஆனால் கான்ஃபிகரேஷனில் இரண்டையும் ஒரே சேனலில் போட்டால் ஸ்டாக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஃபங்ஷனலுக்குத் தனி கனெக்ஷன், தனி சேனல், முகவரி வகை ஃபங்ஷனல். அதில் சிங்கிள் ஃபிரேம் மட்டுமே அனுமதி.

ஒரு டெஸ்டருக்குப் பதில் வந்து இன்னொன்றுக்கு வரவில்லை என்றால் பேடிங்கை (ஃபிரேமின் மீதி பைட்டுகளை நிரப்புவது) சந்தேகியுங்கள். பெறும் பேடிங் ஆன் என்றால் 8 பைட்டுக்குக் குறைந்த சிங்கிள் ஃபிரேமை கேன்டிபி ஏற்காது. கேன்இஃப்-இன் நீளச் சோதனையும் அதற்கு முன்பே தள்ளிவிடலாம். அனுப்பும் பக்கம் பேடிங் பைட்டாக 00-ஐ விட சிசி நல்லது. அதன் பிட்டுகள் இரண்டிரண்டாக மாறுவதால் ஸ்டஃபிங் சேராது.

கேன் எஃப்டி-க்கு (64 பைட் வரை ஏற்கும் கேன் வகை) போகும்போது மறக்கப்படுவது ஈசியூசி பிடியூவின் நீளம்; அது 8 என்றே கிடக்கும், 64 ஆக்க வேண்டும். 8 பைட்டைத் தாண்டும் ஃபிரேமில் வரும் சிங்கிள் ஃபிரேமுக்கு முதல் பைட் 00, நீளம் இரண்டாவது பைட்டில். 64 பைட் ஃபிரேமில் 62 பைட் தரவு அடங்கும். 4095-ஐத் தாண்டும் செய்திக்கு ஃபர்ஸ்ட் ஃபிரேமின் 12 பிட் நீளம் 0 ஆகி, அடுத்த 4 பைட்டில் உண்மை நீளம் வரும். பழைய ஸ்டாக் இதை நீளம் 0 என்று படித்து ஒதுக்கிவிடும்.

சோதனைக்கு லினக்ஸ் போதும். 5.10 பதிப்பிலிருந்து கெர்னலிலேயே ஐஎஸ்ஓ-டிபி சாக்கெட் இருக்கிறது. கேன்-யூட்டில்ஸ் தொகுப்பில் ஐஎஸ்ஓடிபிசெண்ட், ஐஎஸ்ஓடிபிரெசிவ், ஐஎஸ்ஓடிபிடம்ப் மூன்றும் உண்டு. பிளாக் சைஸையும் எஸ்டிமின்னையும் கட்டளையிலேயே மாற்றி, ஈசியூ கீழ்ப்படிகிறதா என்று கேன்டம்ப்பின் நேர முத்திரையில் அளக்கலாம். நீளங்களை எல்லையில் தேர்ந்தெடுங்கள்: 7, 8, 13, 14, 4095. இவற்றோடு 111, 112. ஃபர்ஸ்ட் ஃபிரேமின் 6 பைட்டும் வரிசை எண் 1 முதல் 15 வரையிலான 105 பைட்டும் சேர்ந்தால் 111. 112-ஆவது பைட்டில்தான் வரிசை எண் 15-இலிருந்து 0-க்குத் திரும்புகிறது. அதை 1-க்குத் திருப்பி எழுதிய கோடு 111 பைட் வரை எல்லாச் சோதனையிலும் தேறும்.